175 பவுண்டுக்காக வங்கிக் கணக்கை மாற்றப் போகிறவர்களுக்கு

லண்டனில் எங்கள் தெருமுனை வங்கிக் கிளையின் கண்ணாடியில் "கணக்கை எங்களிடம் மாற்றினால் 175 பவுண்டு" என்ற விளம்பரம் இன்னும் தொங்குகிறது. எங்கள் சீட்டில் இருக்கும் இரண்டு பேர் இந்த வாரம் அங்கே போகப் போவதாகச் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் நானும் போனேன். 60 நாட்களுக்குள் 1,500 பவுண்டு வரவு வைக்க வேண்டும், இரண்டு டைரக்ட் டெபிட் ஓட வேண்டும் என்றார் மேசையில் இருந்த பெண். என் கணக்கில் கவுன்சில் வரி ஒன்றுதான் டைரக்ட் டெபிட். வாடகையும் சீட்டுக்கார அக்காவுக்கு அனுப்பும் பணமும் ஸ்டாண்டிங் ஆர்டர். இதை மறைக்காமல் சொன்னேன். "மாதாமாதம் தானாகப் போகிற எதுவானாலும் சேரும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சேரவில்லை. டைரக்ட் டெபிட்டில் பணம் பெறுகிறவர் நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார். ஸ்டாண்டிங் ஆர்டரில் நாம் அனுப்புகிறோம். இரண்டும் வேறு. நிபந்தனைத் தாளில் அது அச்சிட்டே இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் என் கைக்கு வந்ததே கையெழுத்துப் போட்ட பிறகுதான். எழுபதாவது நாள் பணம் எங்கே என்று கேட்டபோது, தகுதி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

கணக்கு மாறிய வேலையில் குறை சொல்ல மாட்டேன். 2013 முதல் இங்கே இருக்கும் கணக்கு மாற்றுச் சேவை 7 வேலை நாட்களில் எல்லாவற்றையும் முடித்தது. பழைய எண்ணுக்கு வந்த சம்பளம்கூடத் தானாகப் புதிய கணக்குக்கு வந்தது. ஆனால் அட்டை எண்ணைக் கொடுத்து வைத்திருக்கும் மாதக் கட்டணங்களை அந்தச் சேவை மாற்றாது. என் கைப்பேசிக் கட்டணம் அப்படித்தான் திரும்பியது. அதைவிடப் பெரிய அடி, பழைய வங்கியில் மாதம் 200 பவுண்டு போட்டுவந்த 7 சதவீத சேமிப்பு. அது நடப்புக் கணக்கோடு பிணைந்தது. கணக்கு மூடியதும் அதுவும் போயிற்று. மீதி ஐந்து மாதங்களில் வந்திருக்க வேண்டிய வட்டி ஏறத்தாழ 58 பவுண்டு. மாற்றுவதற்கு முன் உங்கள் பழைய கணக்கோடு எது எது பிணைந்திருக்கிறது என்று தயவுசெய்து பாருங்கள்.

வரியைப் பற்றியும் அந்தப் பெண் தவறாகத்தான் சொன்னார். "எதற்கும் வரி இல்லை" என்றார். கணக்கு மாற்றியதற்காக ஒருமுறை தரும் ரொக்கத்துக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது, அது சரி. ஆனால் அதே கணக்கில் மாதம் 5 பவுண்டு வெகுமதி என்றார்கள்; என் கைக்கு வந்தது 4. இப்படித் தொடர்ந்து தரும் வெகுமதி வட்டி அல்ல; மாதாமாதம் வந்தாலும் வரிக் கணக்கில் அதற்குப் பெயர் 'வருடாந்திரக் கொடுப்பனவு' (annual payment). அதில் வங்கியே 20 சதவீதம் பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிடுகிறது. வட்டிக்கு உள்ள 1,000 பவுண்டு சேமிப்புச் சலுகை இதற்குப் பொருந்தாது. 40 சதவீத வரி கட்டுகிறவர்கள் மீதி வரியைத் தாங்களே கணக்குக் காட்ட வேண்டும். மொத்த வருமானம் 12,570 பவுண்டுக்குள் இருக்கும் நம் அம்மாக்களும் ஓய்வூதியக்காரர்களும் பிடித்த வரியை ஆர்40 படிவம் போட்டுத் திரும்ப வாங்கலாம். நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். ஆண்டுக்கு 12 பவுண்டுதான், ஆனாலும் அது அவர்களுடைய பணம்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். அந்த உரையாடலுக்குப் பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. நல்லெண்ணமாக 25 பவுண்டு தருகிறோம் என்றார்கள். நான் வாங்கவில்லை. வங்கிக்கு இறுதிப் பதில் தர 8 வாரம், அதன்பின் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போக நமக்கு 6 மாதம், கட்டணம் இல்லை. நேற்று அங்கே அனுப்பிவிட்டேன். அன்று கிளையில் என்னோடு உட்கார்ந்திருந்த என் மகளும் தான் கேட்டதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நீங்கள் போனால், "என்னுடைய எந்த இரண்டு டைரக்ட் டெபிட் சேரும்?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.