ஆதார் பூட்டு: எனக்குச் சரி, அம்மாவுக்கு?

2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் ஜெராக்ஸைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எனக்கு வந்த பயம் மட்டும் போகவில்லை.

முதல் வேலையாக மாஸ்க்டு ஆதாரை இறக்கிக்கொண்டேன். கடைசி 4 எண்கள்தான் தெரியும். லாட்ஜ்களில் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறார்கள். ஓரிடத்தில், "நம்பரையே காணோமே, ஒரிஜினல் குடுங்க சார்" என்றார்கள். டிரைவிங் லைசென்ஸை நீட்டிச் சமாளித்தேன். அந்தப் பிடிஎஃப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருடமும். என்னைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை, அச்செடுத்துத்தான் கொடுக்கிறேன். ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 16 இலக்க மாற்று எண்ணையும் (விஐடி) எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

உண்மையிலேயே பயன்பட்டது கைரேகைப் பூட்டுதான். ஆதார் ஆணையத்தின் செயலியில் பூட்டிவிட்டால் ரேகை, கருவிழி, முகம் எதை வைத்தும் யாரும் நம் பெயரில் சரிபார்க்க முடியாது. ஓடிபி வழக்கம்போல் வேலை செய்யும். ரேகையை நகலெடுத்து வங்கிப் பணத்தை எடுக்கும் மோசடிகளைப் படித்ததும் அம்மாவுடையதையும் பூட்டினேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரேஷன் கடையிலிருந்து அம்மாவின் போன். "ரேகை விழலைன்னு சொல்றாங்கடா." ஆதார் முறையில் பூட்டியிருந்தால் வருகிற பிழைக்கு 330 என்று தனி எண்ணே இருக்கிறது. ஆனால் வரிசை நீளும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் ஆதாரில் இருப்பது என் மொபைல் எண், நானோ ஆபீஸ் போகிற பஸ்ஸில். ஓடிபி வாங்கித் தற்காலிகமாகத் திறந்தேன். அது 10 நிமிடத்துக்குத்தான். அதற்குள் அம்மாவை ஓரமாக நிற்கச் சொல்லி, பின்னால் இருந்த நாலு பேருக்குப் பில் போட்டுவிட்டார்கள். மறுபடி ஓடிபி, மறுபடி ரேகை.

தன் போன் தன் கையிலேயே இருப்பவர்களுக்கு இது அருமையான வசதி, தயங்காமல் பூட்டலாம். அம்மா மாதிரி விரலே அடையாளமாக உள்ளவர்களுக்கு, சாவியை நம் பையில் போட்டுக்கொண்டு அவர்களை வாசலில் நிறுத்துவது போலத்தான். ஆனாலும் வங்கிக் கணக்கை நினைத்தால் திறந்து வைக்க மனசு வரவில்லை. ரேஷன் கார்டில் என் பெயரும் இருப்பதால், இப்போது சர்க்கரை, பருப்பு வாங்க நானே போகிறேன்.