மன்ஹாட்டன் சிகார் பார்: சுருட்டு பிரமாதம், இடம்தான் நெருக்கடி

பாரின் பெயர் வேண்டாம். மிட்டவுனில் இருக்கிறது. நியூயார்க்கில் உள்ளே உட்கார்ந்து புகைக்கக்கூடிய பார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், தேடுகிறவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு குறைவு என்று தெரிந்தால்தான் இந்த இடத்தின் குறைகள் பாதி புரியும். மேயர் ப்ளூம்பெர்க் கையெழுத்திட்ட சட்டம் 2003 மார்ச் 30 முதல் நகரத்தின் பார்களில் புகைக்கத் தடை போட்டது. 2001-ஆம் ஆண்டிலேயே மொத்த வருமானத்தில் 10 சதவீதமாவது புகையிலை விற்பனையிலும் ஹ்யூமிடார் (சுருட்டை ஈரப்பதம் குறையாமல் வைக்கும் பெட்டி) வாடகையிலும் பார்த்திருந்த பார்களுக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பிறகும் அந்தப் 10 சதவீதம் குறையக் கூடாது, இடம் மாறக் கூடாது, கடையைப் பெரிதாக்கவும் கூடாது. புதிதாக ஒருவர் போட்டிக்கு வர வழியே இல்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் மெனுவைப் பார்த்தாலே அந்தப் பத்து சதவீதம்தான் கண்ணில் படுகிறது. சொந்தச் சுருட்டு கொண்டுபோனால் தனிக் கட்டணம். 'ஒரு விஸ்கி மட்டும் போதும்' என்றால் பணியாள் ஹ்யூமிடார் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார். இதைப் பேராசை என்று மட்டும் சொல்ல மாட்டேன். மது அமோகமாக விற்று சுருட்டு விற்காமல் போனால் விலக்கே போய்விடும்.

உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். பக்கத்து மேஜைக்காரரின் விவாகரத்து விவரம் முழுக்க எனக்குத் தெரிந்துவிட்டது, வேண்டாம் என்றாலும். சுவரை இடித்து விரிவாக்க முடியாது, சரி. ஆனால் கிழிந்த தோல் நாற்காலியை மாற்றக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே? வாடிக்கையாளருக்குப் போக்கிடம் இல்லை என்ற தைரியம்தான்.

சுருட்டு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. நான் எடுத்தது நிகரகுவாவின் பட்ரோன் பிராண்ட், மேலே சுற்றியிருப்பது மதுரோ என்கிற கருத்த இலை. ஈரப்பதம் அளவாக இருந்தது. கடைசி மூன்றில் ஒரு பங்குவரை நேராக எரிந்தது, ஒருமுறைகூட மறுபடி பற்றவைக்கவில்லை. விலைதான் வயிற்றைக் கலக்குகிறது. மாநில வரியே மொத்த வியாபார (ஹோல்சேல்) விலையில் 75 சதவீதம், அதற்கு மேல் பார் வைக்கும் லாபம். பக்கத்து பென்சில்வேனியாவில் சிகாருக்கென்று தனி மாநில வரியே கிடையாது.

வெள்ளி, சனி இரவுகளில் போகாதீர்கள். விலக்கு சிகாருக்கு மட்டுமல்ல, சிகரெட்டுக்கும் உண்டு. வெளியே குளிரில் நின்று புகைக்க மனமில்லாத கூட்டம் மொத்தமும் இங்கேதான் வந்து சேர்கிறது. சிகரெட் புகையில் சுருட்டின் மணம் அடிபட்டுப் போகும். புகைபோக்கி சுமாராகத்தான் இழுக்கிறது. புகை நாற்றம் பிடித்த என் கோட்டு வீட்டுக்குள் வர மனைவி விடவில்லை, பால்கனியில்தான் தொங்கியது.

ஒன்று உறுத்துகிறது. அந்தச் சட்டத்துக்குச் சொன்ன முக்கியக் காரணமே பார் ஊழியர்களின் நுரையீரல். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அது கணக்கில் வரவில்லை. காற்றோட்டம் வைத்தாலும் அடுத்தவர் புகையின் ஆபத்து முழுதாக நீங்காது என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொது சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது. நாம் இரண்டு மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறோம், கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர் போக முடியாது. டிப்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சுருட்டுக்கு ஐந்துக்கு நாலரை, இடத்துக்கு இரண்டு. ஜனவரி குளிரில், வார நாளில், ஆறு மணிக்கு முன்னால் போங்கள். ஜூன் மாதம் என்றால் எனக்கு என் பால்கனியே போதும், கோட்டும் அங்கேதான் இருக்கிறது.