ஓப்பன்ரெஸ்டியின் லுவா துணைச் சார்புகள்: ஒரு மதிப்பீடு
மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. அதற்கு முன் காவடிப் பதிவு நடக்கும் நாள்களில் எங்கள் கோயில் இணையதளத்தில் நெரிசல் மிகுவதால், என்ஜின்எக்ஸ் என்னும் இணைய வழங்கியில் லுவா மொழியில் நிரல் எழுத உதவும் ஓப்பன்ரெஸ்டியைப் பயன்படுத்துகிறோம். அதன் துணைச் சார்புகளில் (சிறு வேலைகளுக்கான ஆயத்த நிரல்துண்டுகளில்) எனக்கு மிகவும் பிடித்தது 'எஸ்கேப் யூஆர்ஐ': எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டுகள் என்பதால், 'முருகன்' என்று தேடுபவரின் சொல் இணைய முகவரியில் சிதையாமல் செல்லும்படி ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியோடு மாற்றித் தருகிறது. நேரச் சார்புகள் இயங்குதளத்தை ஒவ்வொரு முறையும் கேட்காமல், வழங்கி சேமித்து வைத்த நேரத்தையே தருவதால் விரைவானவை. ஆனால் இடைவிடாத ஒரு கணக்கீட்டின் கால அளவை அவற்றைக்கொண்டு அளந்தால் பூச்சியமே வரும், இடையில் சேமித்த நேரத்தைப் புதுப்பிக்கும் 'அப்டேட் டைம்' சார்பை அழைத்தாக வேண்டும். தரவுத்தள வினவலில் சேர்க்கும் சொல்லை மேற்கோளிட்டுத் தரும் எஸ்கியூஎல் மேற்கோள் சார்பு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் விதிகளையே பின்பற்றுவதால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வைத்திருப்போர் அதை நம்பக் கூடாது. தரவின் சுருக்கக் குறியைக் கணக்கிடும் எம்டி5 சார்பும் உண்டு, கடவுச்சொல்லுக்கு மட்டும் அது வேண்டாம்.