செய்தி வாசிக்கும் டேப்லெட்

சார்ஜ் ஏறும் துளை பழுதாகிக் கடைக்குப் போன டேப்லெட் நேற்று வீடு திரும்பியது. படத்தைத் தொட்டால் என் மகனுக்காகப் பேசும், அதிலுள்ள செயலியைத் தன் மகளுக்கும் வாங்கலாமா என்று அலுவலகத் தோழி கேட்டும் ஒரு வாரம் ஆகிறது. அவருக்கான பதில் இது. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

மகன் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் ஆட்டிசமும் இருப்பதால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கிறது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் வருகிறார். மற்ற நான்கு நாளும், படத்தைத் தொட்டால் பேசும் இந்தச் செயலிதான் துணை. திரையில் சொல்லுக்கு ஒன்றாக இருக்கும் படக் கட்டங்களைக் குறை சொல்ல மாட்டேன். 'கழிப்பறை' இரண்டாம் வரிசையில் இடது ஓரம். இப்போதெல்லாம் அவன் படத்தைப் பார்ப்பதுகூட இல்லை. விரல் தானாக அங்கே போகிறது.

என் எரிச்சலெல்லாம் குரல் மேல். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று, ஒற்று மிகுந்து, இறுதி மகரம் தேயாமல் செய்தி வாசிக்கிறது. எந்த ஊர்ப் பிள்ளை அப்படித் தண்ணீர் கேட்கும்? முதல் மாதம் வகுப்பே அவனை 'ஆகாசவாணி' என்று அழைத்தது. ஆசிரியை அதட்டினார், அவர் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்பது தமிழ்க் குரல் செய்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒவ்வொரு கட்டத்துக்கும் நாமே குரல் பதியலாம் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. என் குரலை அவன் சட்டை செய்யவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் வகுப்புத் தோழன், ஒரு ஞாயிறு முழுக்க முறுக்கு தின்றுகொண்டே 112 சொற்களைப் பதிந்து கொடுத்தான். 'பந்து' என்பதற்குப் பின்னால் நறுக்கென்று ஒரு கடி கேட்கும். மறுநாள் விளையாட்டு நேரத்தில் மகன் அதைத் தொட்டதும் எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பந்து அவனிடம் வந்தது. ஒன்றரை வருடம் அந்தக் குரலில்தான் பள்ளியில் பேசினான்.

கடைக்காரர் 600 ரூபாய்க்குத் துளையை மாற்றினார். மெதுவாக ஓடுகிறதே என்று, யாரும் கேட்காமலே உள்ளிருந்த அனைத்தையும் அழித்தும் கொடுத்தார். கட்டங்கள் என் கணக்கிலிருந்து திரும்பி வந்துவிட்டன. பதிந்த குரல்கள் வரவில்லை; அவை டேப்லெட்டுக்குள் மட்டுமே இருந்திருக்கின்றன. அதை ஒரு வரியில் எச்சரித்திருந்தால் என்ன குறைந்துவிடும்? நேற்று மாலை 'பந்து' என்று ஏழெட்டு முறை தொட்டான். திரையைக் காதில் வைத்துப் பார்த்தான். பிறகு குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனான்.

ஆகவே தோழி, இன்று கேட்டால் வாங்காதீர்கள் என்பேன். பட அட்டையை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுத்துக் கேட்கும் முறை 1985இல் அமெரிக்காவின் டெலாவேரில் தொடங்கியது. அட்டைகளுக்குச் சார்ஜும் வேண்டாம், கடைக்காரரும் வேண்டாம். மீறி வாங்கினால், பதியும் குரல்களை முதல் நாளே இன்னொரு போனிலும் சேமித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தால் எப்படிப் பதிவது என்று காட்டுகிறேன். அந்தப் பையனும் வருகிறான்.