பெயரில்லாத எட்டுப் பாடல்கள்: சிகுர் ரோஸின் 2002 ஆல்பத்தோடு நெடுநாள் பழக்கம்

ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002 அக்டோபரில் வெளியிட்ட மூன்றாவது ஆல்பத்திற்குப் பெயரே கிடையாது. அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும் உள்ளன. பல ஆண்டுகளாகக் கேட்டும் இது எனக்குச் சலிக்காததற்கு, கேட்பவர் நிரப்பிக்கொள்ளும்படி இக்குழுவினர் வேண்டுமென்றே விட்டுவைத்த இடமே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எட்டுப் பாடல்களுக்கும் தலைப்பு இல்லை. குறுவட்டோடு வரும் சிறு ஏட்டில் எழுத்தே இல்லாத பக்கங்கள்தாம் இருக்கின்றன. தோன்றியதை நாமே எழுதிக்கொள்ளலாம். பாடகர் யோன்சி பாடுவதும் எந்த மொழியிலும் அடங்காது. பொருளற்ற சில அசைகளே ஆல்பம் முழுவதும் வெவ்வேறு மெட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆலாபனை கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது அந்நியமாகப் படாது. ஆனால் ஆலாபனையில் கற்பனை விரிந்துகொண்டே போகும். இங்கே அதே அசைகள் மீண்டும் வரும்போது, முன்பு ஆறுதலாக ஒலித்தவை பிறகு புலம்பலாகக் கேட்கின்றன.

யோன்சி கிதார் தந்திகளைச் செல்லோ (வயலின் இனத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம்) வாசிக்கும் வில்லால் இழைத்து வாசிப்பவர். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்குக்கு அருகே பழைய நீச்சல் குளக் கட்டடம் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி, அங்கேதான் இதைப் பதிவு செய்தார்கள். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், வில் தந்தியைத் தொடும் கரகரப்பும், அதன் பின்னால் மெல்ல எழும் ஆர்கனும் தனித்தனியே புலப்படும். கைபேசியின் ஒலிபெருக்கியில் இவை இரண்டும் ஒரே மூட்டமாகக் கலந்துவிடுவதால், அதில் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்தை மதிப்பிட வேண்டாம்.

நான்காவது பாடலுக்கும் ஐந்தாவதற்கும் நடுவே 36 நொடி மௌனம் வருகிறது. முதல் பாதி இளகிய மனநிலையில் செல்ல, பின்பாதி கனத்து இருள்கிறது. மூன்றாவது பாடலில் குரலே இல்லை; ஒரே சிறு சுர வரிசை சுழன்று சுழன்று மேலேறுவதை மட்டும் கேட்கிறோம். அந்தத் தெளிவிலிருந்து பின்பாதிக்குள் நுழைய இந்த மௌனம் தேவைப்படுகிறது. பாடல்களைக் கலைத்துப் போட்டு இசைக்கும் வசதியில் அது பொருளிழந்துவிடுகிறது. எழுபது நிமிடத்துக்குச் சற்று மேல் நீளும் இதை முழுவதும் கேட்க நேரமில்லாத நாளில், நான் முதல் நான்கு பாடல்களோடு நிறுத்திக்கொள்வேன். இடையிலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாவது பாடல் எனக்கு இன்றும் சற்று இழுவையாகவே இருக்கிறது.

அதை ஈடுகட்டுவது எட்டாவது பாடல். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் நீளும் அது, மெலிந்த கிதாரோடு அவசரமின்றித் தொடங்குகிறது. பாதி கடந்த பிறகு ஓரி பால் டீராசனின் டிரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசி நிமிடங்களில் முழு வேகத்தோடு வெடிக்கும்போது, யோன்சியின் குரல் அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கிறது. முதன்முறை கேட்பவர்கள் தொடக்கத்தின் மென்மையை நம்பி ஒலியைக் கூட்டிவைக்காமல், நடுத்தர அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.