"ஆபரேஷன் ஆன பூனை, அக்கா": 2,200 ரேண்ட் போன கதை

நேற்று மாலை கால்நடை மருத்துவரிடமிருந்து திரும்பியதும் எழுத உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பூனை வாங்க நினைக்கும் நம்மவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கருத்தடை ஆன பூனையை எப்படிக் கண்டுகொள்வது என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

ஆடி மாதம், பழைய சாமான் வாங்கி விற்கும் கைபேசிச் செயலி ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். மூன்று நிறப் பெட்டை, ஒரு வயது, கருத்தடை முடிந்தது, விலை 2,200 ரேண்ட். பூனைக்கு 900, ஆபரேஷனுக்குத் தான் கட்டிய 1,300 என்று விற்றவள் கணக்குச் சொன்னாள். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். வாசலில் மாவிலைத் தோரணம், கூடத்தில் குத்துவிளக்கு. "வாருங்கள் அக்கா" என்று தமிழில் அழைத்தாள். பெற்ற பிள்ளைகளே ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஊர் இது. அந்த ஒரு "அக்கா"விலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதியை வீழ்த்தியது பூனையின் வயிறு. மடியில் மல்லாத்திப் போட்டுக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு மயிர் மழித்திருந்தது. "மூன்று வாரத்துக்கு முன்னால் செய்தது, அக்கா. தொட்டுப் பாருங்கள்." தொட்டேன். வழவழவென்று இருந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மூன்று வாரமானால் மயிர் முளை விட்டிருக்கும். கிழித்துத் தைத்த இடத்தில் ஒரு கோடாவது, சின்னத் தடிப்பாவது விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கும். கத்தி பட்டதா என்று தேடாமல், சவரம் பட்டதைப் பார்த்து மயங்கியிருக்கிறேன்.

ரசீது கேட்டேன். "நமக்குள் எதற்கு அக்கா ரசீது?" என்று சிரித்தாள். கேட்டதற்கு எனக்கே கூச்சமாகப் போயிற்று. தடுப்பூசிப் புத்தகம் டாக்டரிடம் இருக்கிறது, அடுத்த வாரம் தருகிறேன் என்றாள். 2,200 ரேண்டையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புரட்டாசி பிறந்தது. வீட்டில் மீன், இறைச்சி கிடையாது. பூனை கத்தத் தொடங்கியபோது மீனுக்குத்தான் ஏங்குகிறது என்றார் மாமியார். ஆனால் அது பசிக் கத்தல் இல்லை. இரவெல்லாம் கைக்குழந்தை வீறிடுவது போல ஒரு குரல். தரையில் உருண்டது. முதுகைத் தடவினால் முன்காலை மடக்கி, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஒருபக்கம் ஒதுக்கியது. பகல் நீள நீளப் பெட்டைகள் பருவத்துக்கு வரும். இங்கே புரட்டாசிதான் வசந்தம். மூன்றாம் இரவு குளியலறை ஜன்னல் வழியாக வெளியேறியது. தெருக் கடுவன்கள் சும்மா இருக்குமா?

அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "இடம் மாறிய ஏக்கம், அக்கா." இரண்டு நாள் கழித்து, "ஆபரேஷனுக்குப் பிறகும் சில பூனைகள் கத்தும், அக்கா." இதில் சிறிது உண்மை உண்டு, அதனால்தான் ஏமாந்தேன்: சினைப்பையின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் பூனை பருவத்துக்கு வருமாம். எந்த டாக்டர் செய்தார் என்று கேட்டேன். "அவர் ஊரில் இல்லை." பெயர் மட்டும் வரவேயில்லை. செயலிக்காரர்களிடம் புகார் செய்தேன். வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்கள்.

நேற்று மருத்துவர் முதலில் காட்டியது முலைக்காம்புகளை. இளஞ்சிவப்பாகப் புடைத்திருந்தன. வயிற்றை மறுபடி மழித்துப் பார்த்தார், தழும்பே இல்லை. ஸ்கேன் திரையில் பயறு பயறாகத் துடித்தன. குறைந்தது மூன்று குட்டிகள். பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம், கார்த்திகையில் ஈனும் என்றார். குட்டி போடப்போவது அது, குட்டி போட்ட பூனையாய் வீட்டுக்குள் சுற்றுவது நான்.

ஸ்கேன் படத்தை அவளுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "ரசீது இருக்கிறதா?" இந்த முறை அக்கா இல்லை. அத்தோடு என் எண்ணையும் தடுத்துவிட்டாள்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், பொறுமை இல்லை. மழித்த இடத்தை நம்பாதீர்கள், தழும்பைத் தேடுங்கள். நடுவயிற்றில் இருக்கும், சில மருத்துவர்கள் விலாப்புறத்தில் கிழிப்பார்கள். பழைய தழும்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், அப்போது ஹார்மோன் பார்க்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காது நுனி வெட்டியிருந்தால் தெருவில் பிடித்துக் கருத்தடை செய்து விட்ட பூனையாக இருக்கலாம். கடுவன் என்றால் வாலைத் தூக்கி விதைப்பையைப் பாருங்கள். விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிப்போன கடுவனும் உண்டு, ஆகவே அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி இந்த நாட்டில் பூனைக்கும் சட்டப்படி கட்டாயம். முத்திரை போட்ட புத்தகம் இல்லாமல் வாங்காதீர்கள். ஆபரேஷன் செய்த மருத்துவரின் பெயரைக் கேட்டு, எண்ணை நீங்களே தேடி, பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். ரசீது, ரசீது, ரசீது.

எனக்கு 2,200 ரேண்ட் போனது. ஸ்கேனுக்கு 750 தனி. தைப்பூசக் காவடி சமயத்தில் குட்டிகள் கொடுக்கும் வயதுக்கு வந்துவிடும், வேண்டுபவர்கள் சொல்லுங்கள். இலவசம்தான். கருத்தடை செய்யவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.