ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்: கோழி அடிப்பதை முதலில் நிறுத்துங்கள்

பார்த்ததும் பிடித்துப்போகிற கேம் இல்லை இது. மூக்கு எது வாய் எது என்று தெரியாத முகங்கள், நாலைந்து முக்கோணத்தில் முடிந்துவிடும் மரங்கள், தரையில் எங்கே கிளிக் செய்கிறோமோ அங்கே பொடிநடையாகப் போகும் ஓர் ஆள், அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் யாரும் இதை டவுன்லோட் செய்ய மாட்டார். ஆனாலும் பல நேரங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் மரம் வெட்டிக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருப்பது போலத்தான் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் என்பதால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது, புலம்பவும் கொஞ்சம் இருக்கிறது.

கதைச் சுருக்கம் தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாகெக்ஸ் கம்பெனி 2001இல் ரூன்ஸ்கேப்பை ஆரம்பித்தது, 2012 நவம்பரில் அதன் சண்டை முறையைத் தலைகீழாக மாற்றியது, பழைய ஆட்கள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கம்பெனி கையில் 2007 ஆகஸ்ட் மாதத்து பேக்கப் ஒன்று இருந்தது. அதைத் திறக்கட்டுமா என்று ஓட்டெடுப்பு வைத்தார்கள், ஏறக்குறைய நாலரை லட்சம் ஓட்டு விழுந்தது, 2013 பிப்ரவரியில் ஓல்டு ஸ்கூல் வந்தது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பெரிய சமாச்சாரம் எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் ஆடுகிறவர்களிடம் ஓட்டு கேட்பார்கள். முன்பு 75 சதவீதம் வேண்டும், இப்போது 70. வார்டிங் என்று ஒரு புது ஸ்கில்லை (மரம் வெட்டுதல், மீன் பிடித்தல் போல லெவல் ஏற்றும் திறமை) 2019இல் கொண்டுவரப் பார்த்தார்கள், ஓட்டு போதவில்லை, தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஏப்ரல் முதல் தேதி கேலியாகத் தொடங்கிய செய்லிங்தான் கடைசியில் ஓட்டில் ஜெயித்து 2025 நவம்பரில் 24ஆவது ஸ்கில்லாக வந்து சேர்ந்தது. வாங்குகிறவன் பேச்சை இந்த அளவுக்குக் கேட்கிற கேம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இந்த கேம் மெதுவானது, அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. உள்ளே நடப்பதெல்லாம் 0.6 விநாடிக்கு ஒரு முறை அடிக்கும் டிக் கணக்கில் நடக்கும், அதனால் கை வேகம் இல்லாதவர்களும் நம்மூர் இன்டர்நெட்டில் கொஞ்சம் லேக் வாங்குகிறவர்களும் தாராளமாக ஆடலாம். ஒரு ஸ்கில்லை 99க்குக் கொண்டுபோக 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் 92ஆவது லெவலைத் தொடும்போதுதான் அதில் பாதி வந்திருக்கும், மிச்சம் ஏழு லெவலுக்கு இன்னொரு பாதி. இதைக் கேட்டதும் ஓடிவிடத் தோன்றினால் ஓடிவிடுங்கள், தப்பில்லை. ஓடாதவர்களுக்கு என் கருத்து இதுதான்: ஆரம்பத்தில் அவசரப்பட வேண்டிய இடங்கள் இருக்கின்றன, அங்கே அவசரப்பட்டுவிட்டால் அப்புறம் வருகிற மெதுவான பகுதி சுகமாக இருக்கும். முக்கால்வாசிப் பேர் இதை மாற்றிச் செய்கிறார்கள்.

எப்படி என்றால், டுடோரியல் தீவை முடித்து லம்பிரிட்ஜில் வந்து இறங்கியதும் எல்லாரும் நேராகப் போவது கோழிப் பட்டிக்கு. கோழி, அப்புறம் எதிரே மாடு, அப்புறம் மறுபடி மாடு. அட்டாக் 20, ஸ்ட்ரெங்த் 20 வருவதற்குள் கண் சொருகிவிடும், "இதையா இத்தனை பேர் ஆடுகிறார்கள்" என்று மூடிவிட்டுப் போவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பக்கத்திலேயே கோட்டைச் சமையல்காரர் நிற்கிறார், அவரிடம் பேசுங்கள். முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு கேட்பார். மாவு கடையில் ரெடியாக வாங்குவதை விட நீங்களே அரைத்துப் பாருங்கள்: வயலில் கோதுமை பறித்து, மில்லின் ஏணியில் மேல் தளத்துக்கு ஏறி, தொட்டியில் கொட்டி, லிவரை இழுத்து, திரும்பக் கீழே இறங்கி வந்து, பானையைக் கொடுத்து மாவை அள்ள வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆனால் இந்த உலகம் எப்படி வேலை செய்கிறது என்பது அந்த ஏணியில் ஏறி இறங்கும்போதே புரிந்துவிடும், பொருள் எதுவும் இங்கே சும்மா வானத்திலிருந்து விழாது, யாரோ ஒருவர் வெட்டி, சுமந்து, அரைத்து, சமைத்தது.

காசு கட்டி மெம்பர்ஷிப் எடுத்த அன்றைக்கே வாட்டர்ஃபால் என்கிற குவெஸ்ட்டுக்கு (கதையோடு வரும் பணி) போங்கள், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்திச் சொல்வேன். லெவல் எதுவும் தேவையில்லை. முடித்தால் அட்டாக்கிலும் ஸ்ட்ரெங்த்திலும் தலா 13,750 எக்ஸ்பி, அதாவது லெவல் 1இல் இருக்கிறவர் இரண்டிலும் ஒரே தாவலில் 30. கோழிப் பட்டியில் இதற்கு எத்தனை சாயங்காலம் போகும் என்று நீங்களே யோசியுங்கள். ஒரு கயிறு, காற்று, நீர், மண் ரூன் (மந்திரக் கல்) தலா ஆறு, கொஞ்சம் மீன் எடுத்துப் போனால் போதும். கிளாரியலின் கல்லறைக்குள் நுழையும்போது ஆயுதம், கவசம், ரூன் எதுவும் கையில் இருக்கக் கூடாது, உள்ளே விடாது, எனவே அதற்கு முன்னால் பேங்கில் வைத்துவிட்டுப் போங்கள். அருவிக்குள் இருக்கும் நெருப்பு ராட்சதர்கள் இரண்டு அடியில் உங்களைச் சாய்த்துவிடுவார்கள். சண்டை போடவே கூடாது, தின்றுகொண்டே ஓட வேண்டியதுதான். நான் இந்த கேமில் அதிகம் ரசித்த இடங்களில் அதுவும் ஒன்று, ஏனென்றால் அங்கே உங்கள் லெவலுக்கு வேலையே இல்லை, வழி தெரிந்தவன் பிழைப்பான். அதோடு விட்ச்சஸ் ஹவுஸ், ஃபைட் அரீனா, ட்ரீ நோம் வில்லேஜ், கிராண்ட் ட்ரீ என்று வரிசையாகப் போனால் சண்டை லெவல் தானாக வந்து நிற்கும்.

குவெஸ்ட் என்றால் மற்ற கேம்களில் "பத்து ஓநாயைக் கொன்று வா" என்பார்கள். இங்கே 150க்கும் மேல் குவெஸ்ட் இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கதையும் குசும்பும் உண்டு. அந்த முதல் நாள் சமையல்காரர் பிற்பாடு ரெசிபி ஃபார் டிசாஸ்டரில் திரும்பி வருவார், கோட்டை விருந்து மண்டபத்தில் விருந்தாளிகள் எல்லாம் காலத்தில் உறைந்துபோய் நிற்பார்கள், ஒவ்வொருவரையும் விடுவிக்க அவரவருக்குப் பிடித்த சாப்பாட்டை நீங்கள் சமைத்து ஊட்ட வேண்டும். கடைசிச் சண்டையில் எதிரிகளே சாப்பாடுதான், வாழைப்பழப் பேய் ஒன்று உண்டு, நிறம் மாறும் ஜெல்லி ஒன்று உண்டு, அந்த ஜெல்லி எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்த்து அதற்கேற்ற தாக்குதலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முடித்தால் வாங்கக் கிடைக்கும் பாரோஸ் கையுறையை வருஷக்கணக்கில் கழற்ற மாட்டீர்கள். டயலாக்கை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தாண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும், போகட்டும்.

நடந்து நடந்து கால் ஓய்ந்துபோகும் கேம் என்பதால் போக்குவரத்தில் முதலீடு செய்யுங்கள். லாஸ்ட் சிட்டி முடித்து டிராமன் தடி செய்துகொண்டு, ஃபேரிடேல் முதல் பாகத்தை முடித்து இரண்டாம் பாகத்தை ஆரம்பித்தால் போதும், ஃபேரி ரிங், அதாவது நினைத்த இடத்துக்குத் தாவ உதவும் வளையங்கள், திறந்துவிடும், இரண்டாம் பாகத்தை முடிக்கக்கூட வேண்டியதில்லை. அஜிலிட்டி ஸ்கில்லுக்கான கூரை ஓட்டங்களில் கிடைக்கும் மார்க் 260 சேர்த்தால், ஓடும்போது சீக்கிரம் களைக்க விடாத கிரேஸ்ஃபுல் உடை செட் முழுவதும் வாங்கலாம், அதற்கு அப்புறம் ஓடுவதே தனி ருசி. அஜிலிட்டி போர் அடிக்கும்தான். போனில் போட்டுவிட்டு டிவி பாருங்கள்.

போன் என்றதும் நினைவுக்கு வருகிறது, 2018 அக்டோபரில் மொபைலுக்கு வந்ததுதான் இந்த கேமுக்குக் கிடைத்த பெரிய வரம். அதே அக்கவுண்ட், அதே உலகம், குறைத்துச் செய்த தனிப் பதிப்பு இல்லை. மீன், மரம், சுரங்கம் எல்லாம் பஸ்ஸில் போகும்போது நடக்கட்டும், பாஸ் (பெரிய எதிரி) சண்டையைக் கம்ப்யூட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ரூன்லைட் என்கிற கேம் புரோகிராமைப் போடாமல் ஆடாதீர்கள், இலவசம், ஓப்பன் சோர்ஸ், கம்பெனியே அனுமதித்தது. அதில் குவெஸ்ட் ஹெல்பர் என்கிற பிளகினை ஆன் செய்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று அம்பு காட்டும். ஆனால் தேடலில் மேலே வருகிற விளம்பர லிங்க்கிலிருந்து எடுக்க வேண்டாம், அதே பெயரில் போலிகள் அலைகின்றன, பாஸ்வேர்டைத் திருடுவதற்கென்றே. அக்கவுண்டுக்கு டூ ஃபேக்டர், பேங்குக்கு நாலு இலக்க பின், இரண்டையும் முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள்.

திருட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்கிற கேம் சந்தைப் பக்கம் போனால் "உன் காசை இரட்டிப்பாக்குகிறேன்" என்று நாலு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். முதலில் சின்னத் தொகையை நிஜமாகவே இரட்டித்துத் தருவார்கள், பெரிய தொகையைக் கொடுத்ததும் காணாமல் போவார்கள். வாருங்கள் சேர்ந்து பாஸ் அடிக்கலாம் என்று அன்பாகப் பேசி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வைல்டர்னஸ் என்கிற பகுதிக்கு அழைத்துப் போகிறவர்கள் இதைவிட ஆபத்து. அந்தப் பள்ளத்தைத் தாண்டினால் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். செத்தால் மூன்று பொருள் மட்டும் மிஞ்சும், இன்னொருவரை நீங்களே முதலில் அடித்துத் தலைமேல் மண்டையோட்டுக் குறி வந்திருந்தால் அதுவும் போச்சு. போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன், போனால் தொலைந்தாலும் தூக்கம் கெடாத பொருளை மட்டும் எடுத்துப் போங்கள்.

ஜாட் என்கிற பாஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. ஃபைட் கேவில் எதிரிகள் 63 அலையாக வருவார்கள், முதல் தடவை போகிறவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கடைசி அலையில் ஜாட், அதனிடம் செத்தால் மறுபடி ஒன்றிலிருந்து. அடியைத் தடுக்க உதவும் பிரேயர் ஸ்கில்லில் 43 இல்லாமல் போகவே வேண்டாம். பின்னங்காலில் நிமிர்ந்து முன்னங்கால்களைத் தொங்கவிட்டு நெருப்பைத் திரட்டினால் மேஜிக், முன்னங்காலைத் தரையில் ஓங்கி இறக்கினால் ரேஞ்ச் (தூரத் தாக்குதல்). இரண்டுக்கும் பிரேயரைச் சரியாக மாற்ற வேண்டும், தப்பினால் 97 வரை விழும், பெரும்பாலானவர்கள் உயிரே அவ்வளவு இருக்காது. தள்ளியே நில்லுங்கள், பக்கத்தில் போனால் கையாலும் அடிக்கும். அதன் உயிர் பாதியானதும் வைத்தியம் பார்க்கக் குட்டிகள் வரும். பதறாமல் ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டினால் ஜாட்டை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும். ஜாட் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு குட்டியைத் தட்டுவதுதான் முழு வித்தையும். அந்த ஃபயர் கேப்பை யாரிடமும் விலைக்கு வாங்க முடியாது என்பதால்தான் அதற்கு மதிப்பு.

இனிப் புலம்பல். பாட்கள், அதாவது ஆளுக்குப் பதிலாகத் தானே ஆடும் புரோகிராம்கள். சில இடங்களில் மனுஷனை விட அவைதான் அதிகம், ஒரே மாதிரி உடை, வாயில் நுழையாத பெயர், நாள் முழுக்க ஒரே வேலை. தங்கத்தை நிஜக் காசுக்கு விற்கும் சந்தை இருக்கும் வரை இது தீராது. இதில் பாட்டையும் மனுஷனையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை: வெனிசுவேலாவில் பணவீக்கம் தலைக்கு மேல் போன வருடங்களில் அங்கே நிறையப் பேர் வைல்டர்னஸில் பச்சை டிராகன் அடித்து, அந்தத் தங்கத்தை விற்று வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள். கேமுக்குள் அவர்களைத் தேடித் தேடிக் கொல்வதை ஒரு கூட்டம் பொழுதுபோக்காகச் செய்தது, அது கேவலம். விதிப்படி தங்கம் விற்பது தப்பு என்பதும் உண்மைதான்.

இன்னொன்று விலை. மெம்பர்ஷிப் ஏறிக்கொண்டே போகிறது. 2025 ஜனவரியில் விளம்பரத்தோடு கூடிய மலிவுத் திட்டம் போன்ற யோசனைகளை வைத்து ஒரு சர்வே விட்டார்கள், ஆட்கள் கொந்தளித்துச் சந்தாவை ரத்து செய்யத் தொடங்கியதும் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. காசு கட்டுகிறவனுக்கு விளம்பரம் காட்டலாமா என்று கேட்கத் தோன்றியதே எனக்கு ஆச்சரியம்.

எனவே வருடச் சந்தாவில் இறங்க வேண்டாம். இலவசப் பகுதியில் 15 ஸ்கில் இருக்கிறது, அங்குள்ள குவெஸ்ட்டுகளை முடியுங்கள், டிராகன் ஸ்லேயர் வரை வந்து எல்வார்க்கைக் கொன்றும் இன்னும் ஆடத் தோன்றினால் ஒரு மாதம் மட்டும் எடுங்கள். கேமில் சம்பாதித்த தங்கத்தில் பாண்ட் வாங்கினால் 14 நாள் மெம்பர்ஷிப் கிடைக்கும். ஆனால் அது இப்போது 1 கோடி தங்கத்துக்கு மேல் போகிறது. புது ஆள் அதற்காக உழைக்க ஆரம்பித்தால் அந்த 14 நாளும் அடுத்த பாண்டுக்கான வேலையிலேயே கழிந்துவிடும், குவெஸ்ட் ஒன்றும் நகராது. கொஞ்சம் பெரிய பாஸ்களை அடிக்கிற அளவுக்கு வந்த பிறகு பாண்டைப் பற்றி யோசியுங்கள், அதுவரை கார்டில் கட்டிவிட்டு நிம்மதியாக ஆடுங்கள்.